தாத்தாவின் .315 ரைஃபிளைத் தூர இலக்குக்குத் தயார் செய்தபோது

வீட்டில் பெரியவர் விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, அதில் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, மாட்டி 300 மீட்டர் இலக்கைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வட ஆற்காடு பக்கம் என்னைத் தவிர இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களில் இந்த வேலைக்கு ஒரு வரிசை சொல்வார்கள்: நல்ல ஸ்கோப், தோளில் அணைக்கும் மரக்கட்டை புதுசு, லேசான ட்ரிகர், தேவைப்பட்டால் பேரல் என்கிற குழலும் புதுசு, கடைசியில் வீட்டிலேயே கட்டிய தோட்டா. நம் ஊரில் அந்த வரிசையில் போனால் பணமும் போகும், சில இடங்களில் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போக வேண்டியிருக்கும். இங்கே முதலில் உரிமக் காகிதம், அப்புறம் பேரலின் உள்பக்கம், அப்புறம் தோட்டா, அப்புறம் சுடுவதற்கு இடம். இவையெல்லாம் ஆன பிறகுதான் ஸ்கோப். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகி, நாலு வருஷமும் போன பிறகுதான் வரிசை புரிந்தது.

தாத்தா ஆலங்காயத்துக்காரர். ஜவ்வாது மலையடிவாரத்தில் நிலம். அவரிடம் இருந்தது .315 ரைஃபிள் (குழலின் அளவு, அங்குலத்தில்), தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் ரகம், மேகசினில் ஐந்து தோட்டா. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத் துப்பாக்கி .303 என்பதால் அந்த அளவு பொதுமக்களுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி, அந்த ராணுவத் துப்பாக்கியின் அதே லீ என்ஃபீல்ட் அமைப்பில் செய்ததுதான் .315. பிறகு வங்காளத்தில் இருக்கும் இச்சாப்பூர் தொழிற்சாலையும் இதைச் செய்தது. .303 இன்றைக்கும் தடைசெய்யப்பட்ட அளவு, .315 அப்படி இல்லை. தாத்தா இளவயதில் இதை வைத்து வேட்டைக்குப் போயிருக்கிறார். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அவருடைய உரிமப் புத்தகத்தைப் புரட்டினால் நம் மாவட்டத்தின் சரித்திரமே தெரியும். முதல் பக்கங்களில் வட ஆற்காடு முத்திரை, 1989 பிரிவினைக்குப் பிறகு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், கடைசிப் பக்கங்களில் வேலூர். அதைப் பார்த்து ரசித்தபோது எனக்குத் தெரியாது, அந்த முத்திரைகளே பிறகு என் உயிரை எடுக்கும் என்று.

தாத்தா 2018இல் காலமானார். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அது. காரியம் முடிந்த கையோடு சித்தப்பா அதைத் துப்பாக்கிக் கடையில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டார். அதுவரை சரி. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லாரிடமும் ஆட்சேபணை இல்லை என்ற பத்திரம், போலீஸ் விசாரணை அறிக்கை, பழைய உரிமப் புத்தகம் எல்லாம் வேண்டும். திருப்பத்தூரில் இருக்கும் அத்தையிடம் கையெழுத்துக் கேட்டபோது, 'உனக்கெதுக்குடா அந்தச் சனியன்?' என்றுதான் ஆரம்பித்தார். போட்டுக் கொடுத்துவிட்டார், ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுகிறார்.

மனுவைக் கொடுத்த நேரம் 2019 தேர்தல் வந்தது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் உரிமம் வைத்திருப்பவர்களே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், புது உரிமத்தை எந்த அலுவலகமும் தொடாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு மே மாதத்தோடு அது முடிந்தது. வேலூர் தொகுதியில் பணப்பட்டுவாடா புகாரில் தேர்தலையே ரத்து செய்து, ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் நடத்தினார்கள். நாங்கள் ஒரே வருஷத்தில் இரண்டு தேர்தல் பார்த்தோம். சரி, முடிந்தது என்று போனால் நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. தாத்தாவின் முகவரி ஆலங்காயம், அது திருப்பத்தூர் மாவட்டம். நான் இருப்பது காட்பாடி, அது வேலூர். பழைய கோப்பு எந்த ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது என்பதற்கே பதில் வரவில்லை. இங்கே கேட்டால் அங்கே அனுப்பிவிட்டோம் என்பார்கள், அங்கே கேட்டால் இன்னும் வந்து சேரவில்லை என்பார்கள். அப்புறம் கொரோனா. அப்புறம் 2021 சட்டமன்றத் தேர்தல். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய்க் கடைக்காரரிடமே விற்றுவிடலாமா என்று யோசித்தேன். கடைக்கு மாதம் 500 ரூபாய் வைப்புக் கட்டணம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. மொத்தமாகக் கட்டியது 24,000.

கோப்பு கடைசியில் கிடைத்தது, அடுத்த முட்டுக்கட்டை எண். பழைய புத்தகத்தில் கையால் எழுதியிருந்த எண்ணில் ஒரு 3 அடித்துத் திருத்தியதுபோல் இருந்தது, அதை 8 என்று படித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். துப்பாக்கியில் இருப்பது 3. எண் பொருந்தாத துப்பாக்கி சட்டப்படி வேறு துப்பாக்கி. கடைக்காரர் முன்னிலையில் படம் எடுத்து, காவல் நிலையத்தில் சரிபார்த்துக் கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் திருத்தினார்கள். உங்கள் வீட்டுத் துப்பாக்கி இன்னும் பெரியவர் பெயரில் இருந்தால், இன்றைக்கே ஒரு வெள்ளைத் துணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பேரலுக்குப் பின்னால் இருக்கும் உடல் பகுதியின் எண், போல்ட் கைப்பிடியின் எண், உரிமத்தில் உள்ள எண் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். லீ என்ஃபீல்ட் வகையில் போல்ட்டுக்கும் எண் அடித்திருப்பார்கள். போல்ட் எண் வேறாக இருந்தால் யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்டதைத் தெரிந்தவர் அளந்து பார்க்காமல் சுடவே கூடாது, தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் போல்ட் தலைக்கும் நடுவில் இடைவெளி கூடியிருந்தால் பித்தளைக் கூடு வெடித்துப் புகை முகத்தில் அடிக்கும்.

இன்னொன்று, இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. 2016 ஆயுத விதிகளின் 25ஆம் விதிப்படி, உரிமம் வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்திருக்க வேண்டும், எது முதலில் வருகிறதோ அது போதும். தாத்தாவுக்கு இரண்டுமே எப்போதோ பொருந்தியிருந்தது. அவரே ஆட்சியர் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, 'என் பேரனுக்குக் கொடுங்க' என்று சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் இருந்திருக்காது. வீட்டில் பெரியவர் இருக்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு துப்பாக்கிக்கு மேல் ஒருவர் வைத்திருக்க முடியாது என்று 2019 திருத்தம் சொல்கிறது, வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமம் கையில் வந்ததும் எல்லாரும் போட்டோவைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் எல்லை என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். எனக்கு வேலூர் மாவட்டம் மட்டும் என்று வந்தது. பெரிய துப்பாக்கி சுட அனுமதி உள்ள இடமோ சென்னைப் பக்கம். எல்லை நீட்டிப்புக்கு மறுபடி மனு, மறுபடி காத்திருப்பு. மனு போடும்போதே இலக்குச் சுடுதலுக்காக என்று எழுதி, துப்பாக்கி சுடும் கிளப்பின் உறுப்பினர் சான்றை இணைத்து, மாநிலம் முழுமைக்கும் கேட்டிருந்தால் ஒரே நடையில் போயிருக்கும். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும், அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன், உண்மையிலேயே உபயோகமான வகுப்பு.

இனி துப்பாக்கிக்கு வருகிறேன். கடையிலிருந்து வெளியே எடுத்தபோது மேலே பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது, கடைக்காரரும் விடவில்லை. இந்தத் துப்பாக்கிக்கு இதுதான் சார் சரியான ஸ்கோப் என்று 42,000 ரூபாய்க்கு ஒன்றை எடுத்து வைத்தார். அதைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்ட் 7,500. லீ என்ஃபீல்ட் உடலில் ஸ்கோப் உட்கார இடமே கிடையாது, துளை போட்டு மரை வெட்டி மாட்டுவதாக முடிவானது. அவருக்குத் தெரிந்த பட்டறையில், அதுவும் உரிமம் உள்ள பட்டறைதான், 6,000 வாங்கிக்கொண்டு துளை போட்டார்கள். முதல் நாள் சுடுதளத்தில் என்ன நடந்தது தெரியுமா? முதல் தோட்டாவிலேயே ஸ்கோப்பின் விளிம்பு பின்னால் வந்து வலது புருவத்துக்கு மேல் அரை வட்டமாகக் கிழித்தது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இருக்க வேண்டிய இடைவெளி அந்த ஸ்கோப்பில் மிகக் குறைவு, அது ஏர் ரைஃபிளுக்கு என்று வந்த சரக்கு. நெற்றியில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு மறுபடி சுட்டால் குண்டு இடப்பக்கமே போகிறது. பக்கவாட்டுத் திருகை முழுக்கத் திருகி முடித்தும் நடுவுக்கு வரவில்லை. துளைகள் பேரலின் நேர்கோட்டில் இல்லை. 100 மீட்டரில் ஐந்து தோட்டா பரவியது கிட்டத்தட்ட 25 சென்டிமீட்டர்.

சுடுதளத்தில் ஓய்வுபெற்ற போலீஸ் ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர், ஒருவர் வருவார். நான் ஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். 'தம்பி, கண்ணாடியை அப்புறம் பார்க்கலாம், போல்ட்டைக் கழட்டு' என்றார். போல்ட்டை எடுத்ததும் பேரலின் பின்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, முன்பக்கத்திலிருந்து என்னைப் பார்க்கச் சொன்னார். குண்டைச் சுழற்றிவிடும், பளபளக்க வேண்டிய வரிப்பள்ளங்களில் முதல் கை நீளத்துக்குக் கறுப்பு கறுப்பாகப் புள்ளிகள். துரு தின்ற குழி. பிறகு பேரலின் வாயை விரலால் தடவிக் காட்டினார், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. வருஷக்கணக்கில் கம்பியை முன்பக்கத்திலிருந்து விட்டுத் துடைத்ததன் விளைவு அது. குண்டு கடைசியாகத் தொடும் இடம் அந்த வாய்தான், அது கோணலாக இருந்தால் எத்தனை லட்ச ரூபாய் ஸ்கோப் போட்டாலும் பயனில்லை. கட்டையைக் கழற்றினால் உள்ளே பிசுபிசுவென்று மஞ்சளாக ஒரு பூச்சு, மோந்து பார்த்தால் கெட்டுப்போன தேங்காய் எண்ணெய் வாடை. வீட்டில் கையில் கிடைத்ததைத் தடவியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகக் கெட்டுப்போகும், ஈரத்தைச் சரியாகத் தடுக்காது. துப்பாக்கிக்கு என்று விற்கும் எண்ணெய் மட்டும்தான், அதுவும் மெல்லிசாக.

பழைய தோட்டாக்களின் கேப்பு மருந்து எரிந்தால் உப்பு மிச்சமாகும், அது காற்று ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும், அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும், அதற்குத்தான் வெந்நீர் ஊற்றிக் கழுவுவார்கள் என்றும் அவர் சொன்னார். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, வேட்டைக் காலத்தில் தாத்தா வந்ததும் பாட்டி கொல்லை அடுப்பில் வெந்நீர் வைப்பாராம். குளிக்க என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

அவர் சொன்ன வேலைகளில் எதற்கும் பெரிய செலவு இல்லை. போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து மட்டும் துடைப்பது. கட்டையின் திருகுகளை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் வைப்பது. ஒரு பத்து ரூபாய் நோட்டைப் பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் விட்டு, எங்கே சிக்குகிறது என்று பார்ப்பது. எங்கள் துப்பாக்கியில் ஒரு பக்கம் மட்டும் மரம் பேரலை அழுத்தியது, வேலூர் வெயிலில் மரம் கோணியிருக்கிறது. சூடேறச் சூடேற அந்த அழுத்தம் மாறும், குண்டும் இடம் மாறும். வீடியோவில் சொல்கிற மாதிரி முன்கட்டை முழுவதையும் சுரண்டிப் பேரலைத் தனியாக விட நான் கிளம்பியபோது அவர் தடுத்தார். இந்த அமைப்பில் மரம் இரண்டு துண்டு, பின்பக்கம் கெட்டியாக உட்காராமல் முன்பக்கத்தை மட்டும் விடுவித்தால் இன்னும் மோசமாகும் என்றார். பேரலின் வாயைச் சீர் செய்வதும், பழைய துளைகளை அடைத்து நேராகப் போடுவதும் வேறு உரிமப் பட்டறையில் நடந்தது, 9,000. எல்லாம் முடிந்து, முகத்துக்கு ஏற்ற வேறு ஸ்கோப்பை நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டிச் சுட்டபோது 100 மீட்டரில் 9 சென்டிமீட்டருக்குள் வந்தது. அந்த 42,000 ரூபாய் ஸ்கோப்பை ஏர் ரைஃபிள் பையன் ஒருவனுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

9 சென்டிமீட்டர் சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மீட்டரில் அதுவே 27 ஆகும், காற்றே இல்லாவிட்டாலும். 300 மீட்டர் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். தவிர .315 குண்டு கனம், வேகம் குறைவு, மூக்கு மொட்டை. 100 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தால் 300இல் குறி வைத்த இடத்துக்கு ஒரு மீட்டருக்கும் அதிகமாகக் கீழே போய் அடிக்கும். ஸ்கோப் திருகின் ஒரு கிளிக் கால் நிமிடம் என்றால் (நிமிடம் இங்கே கோண அளவு, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), அது 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும், 300இல் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. எத்தனை கிளிக் ஏற்ற வேண்டும் என்று பார்த்தால் சில ஸ்கோப்பில் அவ்வளவு இடமே இருக்காது. இந்தக் கணக்கை எந்தக் கடைக்காரரும் போட்டுக் காட்ட மாட்டார்.

தோட்டா விஷயம் இன்னும் கொடுமை. ஒரு தோட்டா ஒரு ஆம்பூர் பிரியாணி விலை, அதுவும் கடையில் இருந்தால்தான். வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பது உரிமத்தில் எழுதியிருக்கும், அதற்குமேல் ஒன்றுகூட முடியாது. தூரம் சுடுகிற வெளிநாட்டுக்காரர்கள் மருந்தை மில்லிகிராம் கணக்கில் நிறுத்து வீட்டில் தோட்டா கட்டுகிறார்கள். உரிமம் இல்லாமல் இங்கே அதைச் செய்தால் ஆயுதத் தயாரிப்பு வழக்கு. பேரல் மாற்றுவதும் அப்படித்தான், பேரல் தனியாகவே ஆயுதப் பாகம். பேரலை வெட்டிக் குட்டையாக்குவதற்கு 6ஆம் பிரிவில் தனியாகவே உரிமம் கேட்கிறது. சத்தத்தைக் குறைக்கும் குழாயைச் சட்டம் துப்பாக்கியாகவே பார்க்கிறது. லேத் பட்டறை வைத்திருக்கும் மச்சான், 'கொண்டா, நானே பண்ணித் தரேன்' என்பான். கொண்டு போகாதீர்கள், அவனையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள்.

சுடுவதற்கு இடம் என்பது நம் பக்கத்தில் பெரிய கேள்வி. சுற்றிலும் மலை இருக்கிறதே, கைவிட்ட கல்குவாரி இருக்கிறதே என்று தோன்றும். கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒடுகத்தூர், அமிர்தி பக்கமெல்லாம் காப்புக்காடு, துப்பாக்கியோடு உள்ளே போனாலே குற்றம். அனுமதி பெற்ற சுடுதளத்தைத் தவிர வேறு வழி இல்லை. கிளப் சேர்க்கைக் கட்டணம் 30,000 ஆனது. போகும்போது உரிமம் அசலாகக் கையில், போல்ட் தனியாக, தோட்டா தனிப் பெட்டியில், துப்பாக்கி பூட்டிய உறையில். வழியில் சாப்பிட இறங்கினால்கூட ஒருவர் வண்டியில் உட்கார வேண்டும். உரிமம் வந்த சேதி ஊரில் பரவியதும் இன்னொரு தொல்லை. நிலக்கடலை போட்டிருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும், 'மாப்பிள, ஒரு ராத்திரி வந்துட்டுப் போ, பன்னி தாங்கல' என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் கஷ்டம் நிஜம். ஆனால் காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி காட்டை விட்டுத் தள்ளியிருக்கும் இடங்களில், அதுவும் வனத்துறை ஆட்களுக்குத்தான். நம் உரிமம் அதற்குச் செல்லாது என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

இத்தனையிலும் கொடுத்த காசுக்கு முழுசாகப் பலன் தந்தது கன்னப்பட்டை, கட்டையின்மேல் கட்டிக் கன்னத்தைத் தாங்க வைப்பது. ஸ்கோப் மாட்டினால் கண் உயரும், பழைய கட்டையில் கன்னம் படாது, தலை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நிற்கும். விற்கிற கன்னப்பட்டை இந்தக் கட்டைக்குப் பொருந்தவில்லை. துப்பாக்கியை உரிமம் இல்லாதவர் கையில் கொடுக்கவும் கூடாது. அதனால் ஒரு தினசரித் தாளைக் கட்டையின்மேல் சுற்றி, விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு வெட்டி, அந்தக் காகிதத்தை மட்டும் ஆம்பூரில் ஷூ மேல்தோல் வெட்டும் பாய் ஒருவரிடம் கொண்டு போனேன். காகிதத்தை மேசையில் விரித்து நீவினார், 'இது எந்தக் காலுக்கு தம்பி?' என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, உள்ளே கம்பளித்துணி இரண்டு மடிப்பு, மேலே மெல்லிய மாட்டுத்தோல், கீழே ஷூ மாதிரியே கண் அடித்து லேஸ் கட்டும்படி தைத்துக் கொடுத்தார். போல்ட் பின்னால் வரும் இடத்தில் கொஞ்சம் வளைத்து வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இடிக்கும். 900 ரூபாய்.

இப்போது .315ஐ அவ்வப்போது 100 மீட்டரில் மட்டும் சுடுகிறேன். தூரம் பழக வேண்டும் என்ற ஆசைக்கு .22 பக்கம் போயிருக்கிறேன், கிளப் துப்பாக்கியிலேயே 50 மீட்டர். அங்கே பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், காற்று கொஞ்சம் அசைந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும், தோட்டாவும் கட்டுப்படியாகும். வீட்டில் பழக 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள், குண்டு கிளம்பும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. உரிமம் இப்போது ஐந்து வருஷத்துக்குக் கொடுக்கிறார்கள். என்னுடையது முடிகிற வருஷம் தேர்தல் வருகிறதா என்று பார்த்து, அதற்கு முன்பே புதுப்பிக்கும் மனுவைக் கொடுத்துவிடும்படி காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.